மதியம் 1:30க்கு மறைந்த ஹார்டு டிஸ்க்: ஓர் அச்சக சர்வரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிவகாசியில் ஆடி 18 அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்கு முந்தைய வாரங்களில் டிசைன் பிரிவில் யாருக்கும் ஓய்வு இருக்காது. இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு, அப்படியொரு நடுத்தர அச்சகத்தில் ஆடி பிறந்த முதல் இரு வாரங்களுக்குள் நடந்தது. நான் அந்த அச்சகத்தின் ஊழியன் அல்லன்; அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்ள மாதம் ஒரு முறை சென்றுவருபவன். அவசரமென்றால் தொலைவிலிருந்தே சர்வருக்குள் நுழையும் வசதியும் எனக்கு உண்டு.

ஆறு டிசைனர்களும், கணினியிலிருந்து நேரடியாக அச்சு பிளேட் எடுக்கும் சிடிபி பிரிவும் ஒரே கோப்பு சர்வரை நம்பியிருந்தனர். அது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட சாதாரண டவர் கணினி. இயங்குதளம் ஒரு சிறிய எஸ்எஸ்டி-யில் இருந்தது. டிசைன் கோப்புகள் அனைத்தும் 4 டிபி சாட்டா ஹார்டு டிஸ்க் ஒன்றில், சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியே எல்லாக் கணினிகளுக்கும் பகிரப்பட்டிருந்தன. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பு, பேக்கப்புக்காக இன்னொரு 4 டிபி டிஸ்க் அதே பெட்டிக்குள் சேர்க்கப்பட்டது. கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இணைப்பு மிச்சமில்லை என்று சொல்லி, அதை மாட்டிய உள்ளூர் ஹார்டுவேர்காரர் நான்கு முனை இணைப்பிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒரு பவர் ஸ்ப்ளிட்டரைப் போட்டு, பழைய டிஸ்க், புதிய டிஸ்க் இரண்டையும் அதில் மாட்டியிருந்தார். இந்தத் தகவல் எனக்கு அப்போதே சொல்லப்பட்டது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அச்சகம் இரவு 8 மணிக்குச் சர்வரை அணைத்துவிடும் வழக்கமுடையது என்பதால், பேக்கப் மதியம் 13:30க்கு, சாப்பாட்டு நேரத்தில் ஓடும்படி அமைத்திருந்தேன். மற்ற நேரத்தில் வெப்பம் குறையட்டும் என்று, 20 நிமிடம் வேலையில்லாமல் இருந்தால் பேக்கப் டிஸ்க் சுழற்சியை நிறுத்தி உறங்கிவிடும்படியும் செய்திருந்தேன். நல்ல எண்ணத்தில் செய்த இந்த அமைப்புதான் பின்னால் நடந்ததில் பெரும்பங்கு வகித்தது.

முதல் அறிகுறிகள்

ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்டுவிட்டு வந்த டிசைனர்கள் கோப்பைச் சேமிக்க முயன்றபோது கோரல்டிரா உறைந்து நின்றது. ஒருவர் கணினியில் பகிர்வுக் கோப்புறை திறக்கவேயில்லை. இன்னொருவர் கணினியில் திறந்தது, ஆனால் உள்ளே எதுவும் தெரியவில்லை. சர்வரின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் போட்டதும் எல்லாம் சரியானது. புதன்கிழமை அதே நேரத்தில் அதே நிகழ்ச்சி, அதே மருத்துவம். இரண்டு முறையும் எனக்குத் தகவல் வரவில்லை.

வியாழக்கிழமை மூன்றாம் முறை நடந்தபோது ஹார்டுவேர்காரரை அழைத்தனர். அவர் பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டார். புதிய டிஸ்க் வாங்கப் பணம் எடுப்பதற்கு முன்பு உரிமையாளர் என்னை அழைத்தார். "தம்பி, ஆல்பத்துக்குப் பதினஞ்சு நாள்கூட இல்ல, இப்ப மாத்தலாமா?" என்று கேட்டார். மீண்டும் அணைத்துப் போடாமல் அப்படியே விடும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். காரணம் இருந்தது. உறைந்து நிற்கும் நிலையில் சர்வர் தன்னைப் பற்றி எவ்வளவோ சொல்லும். பவர் பட்டனை அழுத்திய கணத்தில் அதில் பாதி போய்விடும்.

வியாழக்கிழமை: பதிவு சொன்னது

இயங்குதளம் வேறு டிஸ்கில் இருந்ததால் தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடிந்தது. இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் எழுதும் பதிவும் முழுமையாக இருந்தது. இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, தற்செயலாக அமைந்தது. பதிவும் அதே நோயாளி டிஸ்கில் இருந்திருந்தால், டிஸ்க் பேச்சை நிறுத்திய வினாடியோடு பதிவும் நின்றுபோயிருக்கும்.

பழைய டிஸ்க் மதர்போர்டின் மூன்றாம் சாட்டா முனையில் இருந்தது. கெர்னல் அதை ஏடிஏ3 என்று குறிக்கும். பதிவைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கெர்னல் செய்திகளை மட்டும் எடுத்து, அதிலும் ஏடிஏ3 என்ற பெயருள்ள வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். அவற்றின் பொருள் தமிழில் இது:

13:30:04: இணைப்பு நிலை மாறியது, முனை முடக்கப்பட்டது.
13:30:04: இணைப்பை வன்முறையாக மீட்டமைக்கிறேன்.
13:30:10: இணைப்பு மெதுவாகப் பதிலளிக்கிறது, பொறுத்திருக்கவும்.
13:30:14: மீட்டமைப்புக் குறிப்பு தோல்வி.

இதே முயற்சி மீண்டும் 10 வினாடி, பிறகு 35 வினாடி. அதன்பின் இணைப்பின் வேகத்தை 6 கிகாபிட்டிலிருந்து 3 கிகாபிட்டுக்குக் குறைத்து இன்னொரு 5 வினாடி. இது லினக்ஸ் கெர்னலில் நிலையாக உள்ள முயற்சி வரிசை. 13:31:04க்குக் கைவிடுவதாக அறிவித்து டிஸ்கை முடக்கிவிட்டது. சிறிது நேரத்தில் டிஸ்க் தானாகவே உயிர்பெற்று மீண்டும் இணைந்திருக்கிறது. ஆனால் இம்முறை கெர்னல் அதற்கு வேறு பெயர் கொடுத்தது. காலையில் எஸ்டிபி என்ற பெயரில் இருந்த டிஸ்க் இப்போது எஸ்டிடி. சம்பாவோ செத்துப்போன எஸ்டிபி-யின் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது. டிசைனர்கள் கண்ட உறைநிலைக்கு நேரடிக் காரணம் இதுவே. டிஸ்க் அந்த நேரத்தில் நன்றாகவே சுழன்றுகொண்டிருந்தது, பெயர் மட்டும்தான் மாறியிருந்தது.

விண்டோஸ் சர்வராக இருந்திருந்தால் இதையொத்த செய்தி நிகழ்வுப் பதிவில் 129 என்ற எண்ணில், சாதனத்துக்கு மீட்டமைப்பு அனுப்பப்பட்டதாக வந்திருக்கும். அந்த எண்ணைக் கண்டதும் டிஸ்கைத் தூக்கி எறிபவர்கள் பலர்.

அடுத்து டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் படித்தேன். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களை (டிஸ்கில் தகவல் பதியும் சிறு பகுதிகளை) காட்டும் 5ஆம் எண், சந்தேகத்தில் நிலுவையிலுள்ள செக்டர்களைக் காட்டும் 197ஆம் எண், திருத்த முடியாதவற்றைக் காட்டும் 198ஆம் எண் ஆகிய மூன்றும் பூஜ்யம். டிஸ்கின் பரப்பு பழுதானால் இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் ஏறியிருக்கும். கெர்னல் பதிவிலும் குறிப்பிட்ட செக்டரைப் படிக்க முடியவில்லை என்ற வரிகள் இருக்கும். இரண்டும் இல்லை.

முதல் முடிவும் அதன் பிழையும்

டிஸ்கை மாற்ற வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அந்த முடிவு சரியானது. அதோடு நான் எடுத்த இன்னொரு முடிவு சரியானதன்று.

இணைப்பு மீட்டமைப்பு, வேகக் குறைப்பு ஆகிய சொற்களைக் கண்டதும், பழுது டேட்டா கேபிளில் என்று முடிவு கட்டினேன். அனுபவத்தில் பத்தில் ஏழெட்டு முறை அது அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் டேட்டா கேபிள் கெட்டால் வழியில் சிதைந்த தகவல்களை எண்ணும் 199ஆம் எண் ஏற வேண்டும். அந்த எண்ணிக்கை ஒருமுறை ஏறினால் இறங்காது. இந்த டிஸ்கில் அதுவும் பூஜ்யமாகவே இருந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தேன், குறித்தும் வைத்தேன், ஆனால் அது என் முடிவுக்கு எதிரான சாட்சி என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. கெர்னல் வேகத்தைக் குறைத்தது கேபிளைச் சந்தேகித்து அல்ல; மற்ற முயற்சிகள் தீர்ந்தபின் கடைசியாக அது எப்போதும் செய்யும் செயல் அது.

அன்றிரவு நேரில் சென்று, டேட்டா கேபிளை மாற்றிவிட்டு, கோப்பமைப்பைச் சரிபார்த்துத் திரும்பினேன். பாதி எழுதப்பட்ட நிலையில் இரண்டு டிசைன் கோப்புகள் கெட்டிருந்தன, பேக்கப்பிலிருந்து மீட்டோம்.

அந்த பேக்கப் பிழைத்ததும் ஒரு நல்வாய்ப்பு. மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலிருந்தும் நீக்கும்படி, நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை அமைத்திருந்தேன். 13:30க்கு நகலெடுப்பு தொடங்கிய மறுகணமே மூலம் மறைந்துவிட்டது. மூலத்தைப் படிப்பதில் பிழை நேர்ந்தால் நீக்கும் வேலையைத் தானே கைவிடும் பண்பு ஆர்சிங்க்குக்கு உண்டு. இல்லையெனில் நகலும் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கக்கூடும்.

நான்கு நாள் அமைதி

வெள்ளி, சனி அமைதியாகக் கழிந்தன, ஞாயிறு விடுமுறை, திங்களும் அழைப்பு வரவில்லை. கேபிள்தான் என்று உறுதியாக நம்பினேன். உரிமையாளரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். சர்வருக்குள் நுழைந்து பதிவை ஒருமுறை பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவிடவில்லை. தொலைபேசி ஒலிக்காததையே குணமானதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை 14:05க்கு டிசைனர் ஒருவர் அழைத்தார். "அண்ணே, மறுபடியும் சேவ் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கு."

செவ்வாய்க்கிழமை: நேர வரிசையில் படித்தபோது

இம்முறை டிஸ்கின் பெயரால் வடிகட்டாமல், 13:29 முதல் 13:32 வரையிலான எல்லா வரிகளையும், எந்த நிரல் எழுதியதாக இருந்தாலும் சரி, வரிசையாகப் படித்தேன். வியாழக்கிழமை என் கண்ணுக்குத் தப்பிய இரண்டு செய்திகள் அங்கே இருந்தன.

முதலாவது, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரலான கிரான், 13:30:01க்கு பேக்கப் கட்டளையைத் தொடங்கியதாக எழுதிய வரி. அதற்கு மூன்று வினாடி கழித்து ஏடிஏ3 விழுகிறது. இரண்டாவது, அதே வினாடியில் பேக்கப் டிஸ்க் இருக்கும் ஏடிஏ4 முனையிலும் இணைப்பு நிலை மாறியதாக ஒரு வரி; அது உடனே மீண்டுவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் டிஸ்குகள், டேட்டா கேபிள்களும் தனித்தனி, அவற்றுள் ஒன்று நான் அண்மையில் மாற்றியது. ஆயினும் ஒரே வினாடியில் இரண்டும் தடுமாறியிருக்கின்றன. மதர்போர்டில் உள்ள சாட்டா கட்டுப்படுத்தி பொதுவானதுதான், ஆனால் அதே கட்டுப்படுத்தியில் இருந்த எஸ்எஸ்டி அசையவில்லை. மீதமிருந்த பொதுவான பொருள் ஒன்றே ஒன்று, அந்த பவர் ஸ்ப்ளிட்டர்.

பிறகு மூன்று வாரப் பதிவிலிருந்து இணைப்பு நிலை மாறிய நேரங்களை மட்டும் எடுத்துத் தாளில் எழுதினேன். மொத்தம் 11. அவற்றில் நான்கு மட்டுமே அச்சகம் கவனித்தவை. மற்ற ஏழில் டிஸ்க் இருபது வினாடிக்குள் பழைய பெயரிலேயே மீண்டுவிட்டது. நான் அமைதியென்று நம்பிய வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் அந்த ஏழில் அடக்கம். 11இல் ஒன்பது, 13:30ஐ ஒட்டியவை. எஞ்சிய இரண்டு, ஒரு நாள் 11:52, இன்னொரு நாள் 16:20. அந்த இரு நேரங்களைச் சொல்லிக் கேட்டபோது, பழைய கோயில் காலண்டர் டிசைன் ஒன்றைத் தேடி பேக்கப் கோப்புறையைத் திறந்ததாக மூத்த டிசைனர் நினைவுகூர்ந்தார். அதாவது, உறங்கும் பேக்கப் டிஸ்கை எழுப்பிய நேரங்களில்தான் பழைய டிஸ்க் விழுந்திருக்கிறது.

கடைசிச் சாட்சி டிஸ்கிடமே இருந்தது. உபுண்டுவில், ஸ்மார்ட் கணக்கைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஓடினால், அது அரைமணிக்கு ஒரு முறை டிஸ்கின் எண்களைப் படித்துத் தேதியோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அந்தக் கோப்பில், டிஸ்க் எத்தனை முறை மின்சாரம் பெற்றுத் தொடங்கியது என்று சொல்லும் 12ஆம் எண்ணைத் தேடினேன். திங்கட்கிழமை 13:10க்கு 641, 13:40க்கு 642. அன்று சர்வர் காலையில் ஒரு முறை தொடங்கி இரவு அணைக்கப்பட்டது என்று கணினியின் பதிவு சொல்கிறது, இடையில் அணையவேயில்லை. ஆனால் டிஸ்கைப் பொறுத்தவரை மின்சாரம் ஒரு முறை போய்வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை 643. விழுந்தபின் புதிய பெயரில் நான் படித்தபோது 646. திடீரென மின்சாரம் போனதால் எழுதுதலைகளை அவசரமாக ஒதுக்கிய எண்ணிக்கையான 192ஆம் எண்ணும் அதே அளவு ஏறியிருந்தது. கணினியின் கணக்கும் டிஸ்கின் கணக்கும் ஒத்துப்போகாத அந்த இடத்தில் எனக்கு ஐயம் முற்றிலும் நீங்கியது.

நடந்தது இதுதான். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில வினாடிகளுக்கு 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். சுழன்றபின் அதில் சிறு பங்கே போதும். ஸ்ப்ளிட்டரின் தொடுமுனை தளர்ந்திருந்ததால், பேக்கப் டிஸ்க் எழும் வினாடியில் அங்கே மின்னழுத்தம் சரிந்தது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் டிஸ்க் தலைகளை ஒதுக்கிவிட்டுத் தன்னை மீண்டும் தொடங்கிக்கொள்ளும். மீண்டும் தொடங்கும்போது அதுவும் அதே 2 ஆம்பியரை இழுக்கும், மறுபடி சரிவு. நல்ல நாளில் ஒரே சுற்றில் எழுந்துவிட்டது. கெட்ட நாளில் மூன்று சுற்று விழுந்து எழுவதற்குள் கெர்னலின் பொறுமை தீர்ந்துவிட்டது.

காலையில் இரண்டு டிஸ்குகளும் சேர்ந்து எழும்போது ஏன் விழவில்லை என்று கேட்கத் தோன்றும். விழுந்துதான் இருக்கின்றன, சில காலைகளில் 12ஆம் எண் ஒன்றுக்குப் பதில் இரண்டு ஏறியிருக்கிறது. இயங்குதளம் எழும் முன்பே நடந்து முடிந்ததால் பதிவில் அதற்குத் தடயமில்லை.

சோதனையும் சீரமைப்பும்

உடனே செய்ய வேண்டியது பழுதைத் திருத்துவதன்று, பழுதின் தூண்டுகோலை நிறுத்துவது. பேக்கப் டிஸ்க் உறங்கும் அமைப்பை எச்டிபார்ம் கட்டளையால் நீக்கினேன். இரண்டும் தொடர்ந்து சுழலட்டும். எழும் தருணமே இல்லாவிட்டால் விழும் தருணமும் இராது. அன்றிரவு 1.8 டிபி கோப்புகளையும் வெளி யுஎஸ்பி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தோம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூலமும் நகலும் ஒரே ஸ்ப்ளிட்டரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடுவது எனக்குச் சம்மதமில்லை.

புதன்கிழமை 13:30 எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் கடந்தது. ஆனால் போன வார அனுபவத்துக்குப் பின், ஒன்றும் நடக்காததைச் சான்றாக ஏற்க நான் தயாராக இல்லை; பழுதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்க விரும்பினேன். இரவு, இரண்டு டிஸ்குகளையும் பயன்பாட்டிலிருந்து கழற்றிவிட்டு, பேக்கப் டிஸ்கைக் கட்டளையால் உறங்கவைத்து, ஒரு செக்டரைப் படித்து எழுப்பினேன். ஐந்து முறையில் இரண்டு முறை ஏடிஏ3 விழுந்தது. பழைய டிஸ்கின் சுழற்சி ஓசை தணிந்து மீண்டும் ஏறுவதைத் திறந்த பெட்டியருகே நின்ற ஹார்டுவேர்காரரும் காதால் கேட்டார்.

பிறகு ஸ்ப்ளிட்டரைக் கழற்றினோம். மின் இணைப்புக்கு எங்கே போவது என்று தேடியபோது, பல ஆண்டுகளாக யாரும் தொடாத டிவிடி டிரைவுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக ஒரு சாட்டா மின் இணைப்பு வந்திருப்பதைக் கண்டோம். முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. அதை பேக்கப் டிஸ்குக்குக் கொடுத்து, பழைய டிஸ்கை எஸ்எம்பிஎஸ்ஸின் இன்னொரு கம்பியில் தனியாக மாட்டினோம். அதே உறக்கச் சோதனை 20 முறை, ஒருமுறைகூட விழவில்லை.

கழற்றிய ஸ்ப்ளிட்டரைக் குழல்விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தபோது, நான்கு முனைப் பக்கத்தில் மஞ்சள் கம்பியின் உலோகக் குழல் வாய் விரிந்திருந்தது. அதைச் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக் தேநீர்க் கறைபோல் பழுத்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் உருகியிருக்கும். வியாழக்கிழமை டேட்டா கேபிளை மாற்றப் பெட்டிக்குள் கையை விட்டபோது இந்தக் கம்பிகளும் சற்று அசைந்து தொடுமுனை கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும். அதன்பின் வந்த இரண்டு தடுமாற்றங்களும் லேசாகப் போனதற்குக் காரணம் அதுவென்றே கருதுகிறேன்.

விளைவு

மூன்று மாதங்களாக ஏடிஏ3, ஏடிஏ4 இரண்டிலும் இணைப்பு நிலை மாறியதாக ஒரு வரிகூட இல்லை. 12ஆம் எண் நாளுக்கு ஒன்று வீதம் மட்டுமே ஏறுகிறது. சர்வர் தொடங்கிய எண்ணிக்கையோடு அது சரியாகப் பொருந்துகிறது. கெட்டுப்போன கோப்புகள் இரண்டோடு நின்றன. ஆல்பம் ஆடி 18க்கு வெளியானது.

முதல் ஆலோசனைப்படி டிஸ்கை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும். புதிய டிஸ்கும் அதே ஸ்ப்ளிட்டரில்தான் மாட்டப்பட்டிருக்கும். 1.8 டிபி நகலெடுப்பும் அதே தளர்ந்த முனை வழியாக நடந்திருக்கும். ஹார்டுவேர்காரரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் ஊகித்தது ஒரு பாகம், நான் ஊகித்தது இன்னொரு பாகம். அவரிடம் பதிவு இல்லை, என்னிடம் இருந்தது என்பதால் என் தவறே பெரிது.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

கெர்னல் பதிவில் இணைப்பு மீட்டமைப்பு வரி எப்போது வந்தாலும், டிஸ்க் மீண்டாலும் மீளாவிட்டாலும், எனக்குச் செய்தி வரும்படி ஒரு சிறு நிரல் எழுதியுள்ளேன். சர்வரின் பதிவு அச்சகத்தின் கணக்குப் பிரிவுக் கணினிக்கும் உடனுக்குடன் அனுப்பப்படுகிறது. எஸ்எஸ்டி-யே உறைந்துபோகும் நாளில் அது தேவைப்படும். கோப்பமைப்பு இப்போது எஸ்டிபி போன்ற பெயரால் இல்லாமல் அதன் தனி அடையாள எண்ணால் இணைக்கப்படுகிறது. விழுந்த டிஸ்க் வேறு பெயரில் திரும்பினால் இதனால் மட்டும் உறைநிலை தீராது, ஆனால் தவறான டிஸ்கை இணைத்துவிடும் ஆபத்து இல்லை. ஆர்சிங்க் ஓடும் முன்பு மூலத்தில் ஒரு குறிக்கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நகலெடுப்பைத் தொடங்காமல் நின்றுவிடும்.

பழுதை ஆராயும்போது நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய சாதனத்தின் பெயரால் முதலில் வடிகட்டுவதில்லை. விழுந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடத்தின் எல்லா வரிகளையும் படித்த பிறகே வடிகட்டுகிறேன். சீரமைத்த மறுநாளும் மூன்றாம் நாளும் பதிவைத் திறந்து பார்ப்பதை வேலை முடிந்ததற்கான நிபந்தனையாகவே பணித்தாளில் எழுதுகிறேன்.

பேக்கப் டிஸ்க் இன்னும் அதே பெட்டிக்குள் இருப்பது மட்டும் தீராத குறை. வெளி யுஎஸ்பி டிஸ்கில் சனிக்கிழமைதோறும் ஒரு நகல் எடுத்து உரிமையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். தினசரி நகலை வேறு கணினிக்கு மாற்றும் வேலை தீபாவளி கழித்துச் செய்வதாக ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. டிவிடி டிரைவ் மின்சாரமில்லாமல் அதன் இடத்திலேயே இருக்கிறது. அது ஓடவில்லை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.